பழைய மோட்டார் வண்டிகளும் காற்றுத் திருப்பிகளும்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்து வாழும் மக்களுக்குக் காற்றின் இயல்பை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. மாரிக் காலத்தில் வடகீழ்த் திசையிலிருந்து மழையைச் சுமந்து வருவது வாடை. வைகாசி முதல் ஆவணி வரையில் மலைநாட்டைக் கடந்து, ஈரத்தையெல்லாம் அப்புறத்திலேயே இறக்கிவைத்துவிட்டு, அனலாக வந்து மோதுவது கச்சான். ஒன்று நனைக்கும், மற்றது வறுக்கும். இவ்விரண்டையும் அறியாத நாட்டில், ஒக்ஸ்போர்ட் நகரை அடுத்த கௌலியிலும் பேர்மிங்காம் நகரை அடுத்த லோங்பிரிட்ஜிலும் செய்யப்பட்ட மோட்டார் வண்டிகளே நீண்ட காலமாக இம்மாவட்டத்தின் வீதிகளில் ஓடின. மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் இன்னும் சில வீடுகளின் முற்றங்களில் நிற்கின்றன. சில ஓடியும் வருகின்றன.

அவ்வண்டிகளின் கதவோரத்திலோ முன்கண்ணாடியின் பக்கத்திலோ பூட்டப்பட்ட ஒரு சிறு கண்ணாடித் துண்டு, ஒரு வளைந்த உலோகத் தகடு, ஒளி புகும் ஒரு பிளாஸ்ரிக் பலகை ஆகியவற்றைப் பற்றியே இங்கே சொல்லப்படுகிறது. ஆங்கிலத்தில் இவற்றுக்குப் பல பெயர்கள் உண்டு. தமிழில் காற்றுத் தடுப்பி என்று சிலர் சொல்வர். அப்பெயர் பொருந்தாது. இவற்றுள் எதுவும் காற்றைத் தடுப்பதில்லை. வந்த காற்றை வேறொரு பக்கம் திருப்பிவிடுவதே இவற்றின் தொழில். ஆதலின் காற்றுத் திருப்பி என்பதே தகும். பெயரைத் திருத்துவது வீண் வேலை அன்று. கையிற் கிடைத்த ஒரு துண்டு இன்னதென்று அறிவதற்கு முதற் கேள்வியே, இது காற்றை எப்பக்கம் திருப்புகிறது என்பதுதான்.

இந்த ஆராய்ச்சியால் ஆவதென்ன என்று கேட்கலாம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையில் கார் இறக்குமதி பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரக் கதவு திறக்கப்படும் வரை, இருந்த வண்டிகளையே மக்கள் பழுதுபார்த்து ஓட்டினர். மீண்டும் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. இத்தகைய காலங்களிற் பழைய வண்டிக்கு மதிப்பு ஏறுகிறது. மதிப்பு ஏறியதும் இரு தீங்குகள் விளைகின்றன. இன்னதென்று தெரியாத பழந்துண்டு பழைய இரும்புக்காரரின் தராசில் ஏறி நிறைக்கு விலையாகிறது. அன்றேல், வேறொரு வண்டிக்குச் செய்த துண்டை மைனரின் கதவில் வலிந்து பொருத்துவதற்காகப் புதிய துளைகள் இடப்படுகின்றன. இரண்டாவது தீங்கே பெரிது. உப்புக்காற்று வீசும் ஊரிலே கதவுத் தகட்டில் இட்ட ஒவ்வொரு துளையும் துருவுக்குத் திறந்த வாயில். கதவின் உட்புறம் பொள்ளல். அங்கே இறங்கிய உப்புநீர் அடிப்பாகத்தில் தங்கி, வெளியே தெரியாமலே அரித்துக்கொண்டிருக்கும். தெரியவரும்போது கதவின் கீழ்விளிம்பு விரலோடு உதிர்ந்துவிடும்.

காற்றுத் திருப்பிகளின் வமிசத்தில் மூத்தது கண்ணாடிச் சிறகு. 1920களின் வண்டிகளிற் பல திறந்த உடலுடையவை. முன்னே நிமிர்ந்த கண்ணாடி ஒன்று, மேலே மடிக்கும் சீலைக் கூரை, பக்கங்களில் ஒன்றுமில்லை. வண்டி விரைந்து செல்லுகையில் முன்கண்ணாடியின் ஓரத்தைக் கடந்த காற்று நேரே பின்னோக்கிப் போய்விடுவதில்லை. சுழன்று உள்ளே திரும்பி, ஓட்டுபவரின் பிடரியிலும் பின்னால் இருப்பவரின் முகத்திலும் அறைகிறது. இதனைத் தவிர்க்க முன்கண்ணாடியின் இரு தூண்களிலும் சிறகுபோல ஒவ்வொரு கண்ணாடித் துண்டைப் பொருத்தினார்கள். ஃபோர்டு நிறுவனத்தின் மொடல் ஏ திறந்த வண்டிகளில் இத்தகைய சிறகுகளைக் காணலாம். இவை துளையிட்டுப் பூட்டப்பட்டவை அல்ல. தூணைச் சுற்றி இறுகப் பிடிக்கும் கவ்விகளால் நின்றவை. ஆகவே சிறகொன்று கிடைத்தால் கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன் கவ்வியின் உள்வாயை அளக்க வேண்டும். வட்டத் தூணுக்குச் செய்த கவ்வி தட்டைத் தூணிற் பொருந்தாது. கண்ணாடி உடைந்தால் வேறு வெட்டிப் போடலாம். கவ்விதான் எந்த வண்டி என்று சொல்லும்.

மூடிய வண்டிகள் பெருகியதும் சிறகுகளின் தேவை குறைந்தது. 1933இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் வண்டிகளின் கதவிலேயே சிறியதொரு தனிக் கண்ணாடியை அச்சில் நிறுத்திச் சுழலும்படி அமைத்தது. கராஜ்களில் குவாட்டர் கிளாஸ் என வழங்கும் முக்கோணக் கண்ணாடி இதுவே. மொறிஸ் மைனரின் முன்கதவில் இருப்பதும், இந்தியாவின் அம்பாசடர் வண்டியில் நெடுங்காலம் இருந்ததும் இவ்வகையே.

இக்கண்ணாடியின் வித்தையைச் சற்று நின்று பார்ப்பது நன்று. முன்கண்ணாடியில் மோதிய காற்று பக்கத் தூணைச் சுற்றி வளையும்போது வேகம் மிகுகிறது. வேகம் மிக்க இடத்தில் அமுக்கம் குறைகிறது. முக்கோணக் கண்ணாடியைச் சிறிதளவு திறந்தால், அமுக்கம் குறைந்த அவ்விடம் வண்டிக்குள் இருக்கும் காற்றை வெளியே உறிஞ்சுகிறது. சுருட்டுப் புகையும் மழைக்காலப் புழுக்கமும் அவ்வழியே போய்விடும். அதே கண்ணாடியை முழுதும் சுழற்றி, அதன் உட்பக்கம் எதிர்க்காற்றை நோக்கும்படி திருப்பினால், அது அகப்பைபோல் வெளிக்காற்றை அள்ளி உள்ளே வீசுகிறது. இங்கிலாந்தில் ஓட்டுபவர் முதல் நிலையை விரும்பினார். இந்நாட்டு வெயிலில் ஓட்டுபவருக்கு இரண்டாம் நிலையே வேண்டியிருந்தது. ஒரே கண்ணாடி இரு நாடுகளில் இரு எதிர்த்தொழில்களைச் செய்தது. இந்த உண்மையை மறந்து, ஆங்கில விலைப்பட்டியலின் படத்தை மட்டும் பார்த்து இவ்வூர் வண்டிகளை மதிப்பிடப் புகுந்தால் தவறு நேரும்.

முக்கோணக் கண்ணாடி இல்லாத மூடிய வண்டிகளும் இருந்தன. வோக்ஸ்வாகன் வண்டுக்காரை எடுத்துக்கொண்டால், 1952 அக்டோபருக்கு முன் செய்யப்பட்டவற்றின் கதவுகளில் அது இல்லை. இவ்வகை வண்டிகளுக்கென உதிரிச் சாமான் செய்வோர் பலர், கதவுச் சாளரத்தின் முன்மூலையில் செருகும் ஒளிபுகு பலகைகளைச் செய்து விற்றனர். பெரும்பாலும் பேர்ஸ்பெக்ஸ் என்னும் பிளாஸ்ரிக்காற் செய்தவை இவை. பிரித்தானியாவின் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் இரசாயனவியலாளர் 1930களில் உருவாக்கிய இப்பொருள், உலகப் போரில் விமானங்களின் கூண்டு மூடிகளுக்குப் பயன்பட்டது. போர் முடிந்ததும் வீட்டுச் சாமானுக்கும் மோட்டார் சாமானுக்கும் தாராளமாக வந்தது. எனவே கதவுமூலையில் செருகும் பேர்ஸ்பெக்ஸ் பலகை ஒன்று கிடைத்தால், அது முக்கோணக் கண்ணாடி உள்ள வண்டிக்குச் செய்ததாக இருத்தல் அரிது. மைனருக்கு உரியது என்று சொல்லி அதனை விற்பவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: முக்கோணக் கண்ணாடி நிற்கும் இடத்திலேயே இப்பலகையும் எப்படி நிற்கும்?

கதவின் மேல்விளிம்பில் நீளமாக நிற்கும் துருவேறா உருக்குத் தகடு வேறு இனம். டோர் வைசர் என்று இன்று எல்லாரும் அறிந்தது. மழையில் கண்ணாடியை நாலு விரல் அளவு இறக்கிவைக்க உதவும். வாடைக் காலத்துக்கு ஏற்றது. முன்கண்ணாடிக்கு மேலே நெற்றிபோல் நீண்டிருக்கும் தகட்டையும் சிலர் காற்றுத் திருப்பி என்கிறார்கள். அது வெயிலை மறைப்பதற்கு வந்தது. காற்றை எதிர்த்து வேகத்தைக் குறைப்பதன்றிக் காற்றால் அதற்கு வேறு பயனில்லை.

பொனட்டின் மூக்கில் நிமிர்ந்து நிற்கும் சிறு பேர்ஸ்பெக்ஸ் தகடு பூச்சிகளை விரட்டுவதற்கு. எதிர்க்காற்றை மேல்நோக்கித் திருப்பி, காற்றோடு வரும் பூச்சிகள் முன்கண்ணாடியில் மோதாமல் கூரைக்கு மேலாகப் போகச் செய்வது அதன் நோக்கம். ஈசல் பறக்கும் மாலையில் கந்தளாய் வீதியிற் சென்றவருக்கு இதன் அருமை தெரியும். ஆனால் இது வேகத்தை நம்பிய கருவி. 803 சீசீ இயந்திரம் பூட்டிய பழைய மைனர் மணிக்கு 60 மைல் எட்டுவதற்கே மூச்சு வாங்கும். அதன் மூக்கில் இத்தகட்டைப் பொருத்தியது பெரும்பாலும் அழகுக்கே எனலாம். பின்கதவுள்ள எஸ்டேட் வண்டிகளின் கூரை முடிவில் நிற்கும் திருப்பியோ உண்மையாகவே உழைப்பது. வண்டியின் பின்னால் உண்டாகும் வெற்றிடம் வீதிப் புழுதியைப் பின்கண்ணாடியின் மேல் இழுக்கும். கூரைமேற் செல்லும் காற்றின் ஒரு பங்கைக் கீழ்நோக்கித் திருப்பி, அப்புழுதியை இது துடைத்துவிடுகிறது.

இனம் தெரிந்தபின் காலமும் நாடும் தெரிய வேண்டும். இதற்கு நல்ல சாட்சி திருகாணி. பார்வைக்கு எல்லாத் திருகாணியும் ஒன்றுபோலவே இருக்கும். புரிகளின் கோணம் வேறுபடும். பழைய பிரித்தானிய விட்வேர்த் புரியின் கோணம் 55 பாகை. அமெரிக்கப் புரியும் ஐரோப்பாவின் மெட்ரிக் புரியும் 60 பாகை. மின்சார, நுண்கருவிச் சாமான்களில் வழங்கிய பீ.ஏ. என்னும் சிறு பிரித்தானியப் புரியின் கோணம் 47½ பாகை. 1948 நவம்பரில் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் கூடி ஒரே புரிமுறைக்கு உடன்பட்டன; அதன்பின் பிரித்தானிய மோட்டார் வண்டிகளில் அப்புதுமுறை படிப்படியாக வந்தது. சிறு உதிரிச் சாமான் செய்தோர் மட்டும் கையில் இருந்த பழைய கருவிகளைக் கொண்டே நெடுநாள் பீ.ஏ. திருகாணியை விடாது பயன்படுத்தினர். ஆகையால் கவ்வியிற் பீ.ஏ. புரி இருப்பது அத்துண்டு பிரித்தானியக் கைவேலை என்பதற்கு நல்ல அடையாளம். அது மிகப் பழையது என்பதற்கு அடையாளமன்று.

இதில் ஒரு பொறியும் உண்டு. பூச்சிய இலக்கப் பீ.ஏ. திருகாணியின் விட்டம் 6 மில்லிமீற்றர். புரிக்குப் புரி இடைவெளி 1 மில்லிமீற்றர். இன்று எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும் 6 மில்லிமீற்றர் மெட்ரிக் திருகாணிக்கும் இவ்விரு அளவுகளும் அவையே. கோணம் மட்டுமே வேறு. கடைத் திருகாணி பழைய சுரையில் இரண்டு மூன்று சுற்று இசைந்து போகும், பிறகு இறுகும். அந்நேரத்தில் நிறுத்தாமல் சாவியால் முறுக்குபவர், ஐம்பது அறுபது ஆண்டுகள் உழைத்த பித்தளைப் புரியை ஒரு நிமிடத்தில் அழித்துவிடுகிறார்.

உலோகத்தை அறிவதற்குத் திருகோணமலைக் கடற்காற்றே பரிசோதனைக்கூடம். வெள்ளிபோல் மின்னும் குரோம் பூச்சு எல்லாத் துண்டிலும் ஒன்றுபோல் இருக்கும். பூச்சு வெடித்த இடத்தில் உள்ளே இருப்பது தன்னைக் காட்டிக்கொள்ளும். பசுங்களிம்பு தோன்றினால் அடியில் உள்ளது பித்தளை. வெண்மையான கொப்புளங்கள் எழுந்தால் மசாக் எனப்படும் நாகக் கலப்பு வார்ப்பு. செந்துரு வழிந்தால் வெறும் இரும்பு. ஒன்றுமே தோன்றாமல், காந்தமும் ஒட்டாமல் இருந்தால் அது துருவேறா உருக்கு. 1920களின் கவ்விகள் பெரும்பாலும் பித்தளை. மசாக் வார்ப்பு மலிந்தது அதற்குப் பின். 1950இல் மூண்ட கொரியப் போரினால் நிக்கல் அருமையாயிற்று. குரோமுக்கு அடியில் இட வேண்டிய நிக்கற் பூச்சு சில ஆண்டுகள் மெலிந்தே வந்தது. அக்காலத்துச் சாமான் மற்றவற்றைவிட விரைவில் உரிந்திருப்பதற்கு உடையவரின் அசட்டையைக் குறை கூறுவது நியாயமன்று.

கண்ணாடியாயின் மூலையிற் பொறித்த முத்திரையை ஈரத்துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். டிரிப்ளெக்ஸ் என்னும் பிரித்தானியக் கண்ணாடியில் எழுத்துகளை ஒட்டிச் சிறு புள்ளிகள் இருக்கும். அவை செய்த காலத்தைக் குறிப்பவை. புள்ளி ஆண்டின் கடைசி இலக்கத்தையே சொல்லும். எந்தப் பத்தாண்டு என்பதை வண்டியைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். இங்கே இலக்கத் தகடும் துணைபுரியும். ஆங்கில எழுத்துகள் கொண்ட பழைய இலக்கமாயின் அவ்வண்டி 1957க்கு முன் இந்நாட்டிற் பதிவானது. அவ்வாண்டில் புகுத்தப்பட்ட சிங்கள ஶ்ரீ எழுத்தை எதிர்த்துத் தமிழ்ப் பகுதிகளில் நடந்த போராட்டம் பலருக்கு நினைவிருக்கும். ஒரு தகட்டின் எழுத்தும் வரலாறு சொல்லும் நாட்டில், கவ்வியின் எழுத்தை மட்டும் அலட்சியம் செய்வானேன்?

துண்டு வண்டியிலேயே பூட்டியிருந்தால் அவசரப்பட்டுக் கழற்றலாகாது. முதலிற் கவ்வியின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். கழற்றியபின் அதன் கீழிருந்த வண்ணத்தைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் நீலமாயிருக்க, கவ்வியின் அடியில் மட்டும் தொழிற்சாலைச் சாம்பல் நிறம் இருந்தால், மறுவண்ணம் பூசுவதற்கு முன்பே அது அங்கே இருந்தது. அடியிலும் நீலமாயின் பின்னர் வந்தது. வண்ணமே இல்லாமல் வெறுந்தகடு தெரிந்தால், யாரோ அண்மையிற் சுரண்டிப் பொருத்தியது. இந்தச் சாட்சியம் ஒருமுறைதான் கிடைக்கும். துடைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியபின் எந்த நிபுணர் வந்தாலும் சொல்வதற்கு ஒன்றுமிராது.

இனி, பட்டியலில் இல்லாத ஓர் இனத்தையும் சொல்ல வேண்டும். இறக்குமதி அடைபட்டிருந்த ஆண்டுகளில், உடைந்த துண்டுக்கு ஈடாகத் தகர வேலைக்காரரும் கராஜ்காரரும் அலுமினியத் தகட்டைச் சுத்தியலால் தட்டி வளைத்துத் திருப்பிகள் செய்தனர். இத்தகையவற்றில் இடப்பக்கமும் வலப்பக்கமும் கண்ணாடிப் பிம்பம்போல் ஒத்திரா. விளிம்பில் அரத்தின் கோடுகள் தெரியும். பழைய துளைகளையே பயன்படுத்தியிருக்கும். துறைமுகப் பட்டினத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. 1957இல் பிரித்தானியக் கடற்படை இத்தளத்தை இலங்கையிடம் ஒப்படைக்கும் வரை பல நாட்டுப் படையினரும் மாலுமிகளும் வந்து போன ஊர் இது. இங்குள்ள வண்டியில் இருப்பதெல்லாம் அவ்வண்டியைச் செய்தவரின் பட்டியலில் இருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது பொருந்தாது. அசலுக்கு மாறானது என்று சொல்லி, கைவேலைத் திருப்பியைக் கழற்றி எறிந்து, கடல் கடந்து புதிதாய் வரும் பிரதியொன்றைப் பூட்டுவோர் இன்று உளர். எறியப்பட்டது இவ்வூர்க் கையும் இவ்வூர்க் காற்றும் சேர்ந்து செய்தது. பூட்டப்பட்டது நேற்று அச்சிலிருந்து வந்தது. இவ்விரண்டில் எது அசல் என்பதை அவர்கள் சற்றே ஆறியிருந்து எண்ணலாம்.

காற்றின் திசைக்கு எதிராகப் பொருத்திய திருப்பிகளும் அவ்வாறே. பின்விளிம்பு உள்வாங்கி, முன்விளிம்பு வெளியே நீட்டியிருக்கும் ஒரு பேர்ஸ்பெக்ஸ் பலகையைக் கண்டதும், தலைகீழாக மாட்டிவிட்டார்கள் என்று நகைக்க வேண்டாம். முதலில் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். மணலும் புழுதியும் பட்டுப் பட்டு மங்கிய பக்கம் எதுவோ, அதுவே பல்லாண்டு காற்றை எதிர்கொண்ட பக்கம். மங்கல் இப்போதைய நிலைக்கு இசைந்திருந்தால், கச்சான் காலத்திலும் வண்டிக்குள் காற்றோட்டம் வேண்டி, தெரிந்தே திருப்பி மாட்டியிருக்கிறார்கள். மங்கல் எதிர்ப்பக்கத்தில் இருந்தாலொழிய அதனைத் திருத்த வேண்டுவதில்லை.

மீண்டும் பொருத்துகையிற் பித்தளைத் திருகாணியை நேரே இரும்புக் கதவிற் செலுத்தலாகாது. இரு உலோகங்களுக்கிடையே உப்புநீர் புகுந்தால் இரும்பு விரைந்து அரிபடும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை வண்டிகள் பாதையில் ஏறியே நீரைக் கடந்தன. அக்காலத்தில் அவ்வழி ஓடிய வண்டிகளின் திருகாணித் துளைகள் உப்புநீரின் வேலையை நன்றாகக் காட்டும். ஒரு றப்பர் வளையமும் சிறிது கிறீசும் இடையில் இருந்தாற் போதும். பழந்துளை தேவையற்றதாயின் வண்ணத்தால் மட்டும் மூடாமல், துருவைச் சுரண்டி, நாகப் பூச்சு இட்டு, அதன் பின்னரே அடைக்க வேண்டும்.

பேர்ஸ்பெக்ஸ் பலகையைப் பெற்றோலாலோ மதுசாரத்தாலோ துடைக்கலாகாது. துடைத்த அன்று தெளிவாகத் தோன்றும். பிறகு மயிரிழைபோன்ற வெடிப்புகள் எங்கும் ஓடிவிடும். இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் மென்சீலையும் போதும். கழற்றிய சோடியைப் பழைய பருத்திச் சீலையிற் சுற்றி, எந்த வண்டி, எந்தப் பக்கம், எந்த ஆண்டிற் கழற்றப்பட்டது என்பதைத் தடித்த காகிதத்தில் பென்சிலால் எழுதி, திருகாணிகளையும் கவ்விகளையும் அதே பொதிக்குள் வைத்துக் கட்டிவைக்க வேண்டும். மையால் எழுதினால் இவ்வூர் ஈரத்தில் இரண்டு மாரி கழிவதற்குள் எழுத்து ஊறிப்போகும்.